எக்ஸ்ரே நார்மல், ஆனா துணி பிழிஞ்சா மணிக்கட்டு வலிக்குது

கேள்வி: மூணு மாசம் முன்னாடி பைக் ஸ்லிப் ஆகி வலது கைய ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேல முறிவு இல்ல, சுளுக்குதான்னாங்க. வீக்கம் வத்திடுச்சு, ஆனா துணி பிழிஞ்சா, கதவு கைப்பிடிய திருப்பினா சுண்டுவிரல் பக்கம் சுள்ளுன்னு வலி, டக்னு ஒரு சத்தம் வேற. எண்ணெய் போட்டு நீவிட்டு இருக்கேன். ஆபரேஷன் வேணுமா டாக்டர்?

பதில்: நீவுறத இன்னையோட நிறுத்திடுங்க. எக்ஸ்ரேல தெரியறது எலும்புதான், ஜவ்வு கிழிஞ்சிருந்தா அதுல தெரியாது, இது தெரியாமத்தான் நிறைய பேர் சுளுக்குன்னு நெனச்சு மாசக்கணக்குல ஓட்டிடறாங்க.

நீங்க சொல்றத பார்த்தா எனக்கு டிஎஃப்சிசி மேலதான் சந்தேகம். முன்கைல சுண்டுவிரல் பக்கம் இருக்கற அல்னா எலும்போட நுனிக்கும் மணிக்கட்டு குட்டி எலும்புகளுக்கும் நடுவுல முக்கோணமா ஒரு குருத்தெலும்பு, சுத்தி லிகமெண்ட் (எலும்புகள இணைக்கற நார்), எல்லாம் சேர்ந்ததுதான் அது. கைய திருப்பும்போது முன்கையோட ரெண்டு எலும்பும் விலகாம பிடிச்சு வைக்கறதே அதான், அதனாலதான் துணி பிழியும்போது உங்களுக்கு உயிர் போகுது. மணிக்கட்டுல அந்தப் பக்கம் முண்டா ஒரு எலும்பு தெரியும்ல, அதுக்கு உள்ளங்கை பக்கமா ஒரு சின்ன பள்ளம் இருக்கும், அங்க ஒரு விரலால அழுத்திப் பாருங்க. அதே வலி வந்தா சந்தேகம் பலமாகுது.

இதுவே கட்டைவிரல் அடில இருக்கற பள்ளத்துல வலின்னா கதை வேற, அங்க இருக்கற ஸ்கஃபாய்டுங்கற குட்டி மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருந்தா மொத எக்ஸ்ரேல தெரியாமலே போகலாம், ரெண்டு வாரத்துல திரும்ப எடுக்கணும்.

ஆபரேஷனுக்கு வரேன். இந்த ஜவ்வோட ஓரத்துக்கு ரத்த ஓட்டம் உண்டு, நடுவுல கிடையாது. அதனால ஓரக் கிழிசல் தானா ஆறவும் வாய்ப்பு இருக்கு, தையல் போட்டாலும் பிடிக்கும், நடுவுல கிழிஞ்சா தையல் பிடிக்காது, பிசிறத்தான் சுத்தம் பண்ணுவாங்க. மூட்டு தளர்ந்து ஆடலன்னா மொதல்ல 4 முதல் 6 வாரம் ஸ்ப்ளிண்ட் (கை அசையாம பிடிக்கற கட்டு), அப்புறம் பிசியோ. க்ரேப் பேண்டேஜ் கை திரும்பறத தடுக்காது, அத நம்பாதீங்க. அதுவரைக்கும் புஷ்அப், பக்கெட் தூக்கறது, பிழியறது எதுவும் வேண்டாம்.

ஏற்கனவே மூணு மாசம் ஆச்சு, இன்னும் தள்ளிப்போடாம இந்த வாரமே கை அறுவை நிபுணர் ஒருத்தர பாருங்க, பெரும்பாலும் எம்ஆர்ஐ எழுதுவாங்க. சின்ன கிழிசல் எம்ஆர்ஐல தப்பிக்கலாம், வலி விடாம இருந்தா ஆர்த்ராஸ்கோப்பில, அதாவது சின்ன துளை வழியா மூட்டுக்குள்ள கேமரா விட்டு, நேரா பார்த்து அங்கயே சரி பண்ணலாம். போகும்போது பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துட்டு போங்க, அல்னா நீளம் கூடுதலா இருக்கான்னு அதுல பார்ப்பாங்க, அப்படி இருந்தா ஜவ்வ மட்டும் சரி பண்ணி பத்தாது, எலும்பையும் கொஞ்சம் குறைக்க வேண்டி வரலாம்.