பள்ளி ரக்பிப் பருவத்தின் கடைசிச் சுற்றுகள்: சேலம், ஏற்காடு ஆர்வலர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இலங்கைப் பள்ளி மாணவர்களின் ரக்பி லீக் முடிவை நெருங்கும் வாரங்களில் சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களில் பலர் இலங்கைப் பள்ளிகளின் ஆட்டங்களைக் கைபேசியில் தொடர்ந்து பார்ப்பவர்கள்; கண்டியிலும் கொழும்பிலும் உறவினர் இருப்பவர்களும் உண்டு. மலைமேல் மாணவர்களுக்குப் பயிற்சி தருபவர்கள் சிலரும் எழுதியிருக்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியராகவும் பள்ளி ஆட்டங்களில் நடுவராகவும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஐயா, ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் 10 புள்ளி பின்தங்கியிருந்த அணிக்குப் பெனால்டி (எதிரணியின் தவறுக்காகத் தரும் வாய்ப்பு) கிடைத்தது. அவர்கள் ட்ரைக்கு (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பதற்கு) முயலாமல் கம்பங்களை நோக்கி உதைத்து 3 புள்ளி எடுத்துக்கொண்டார்கள். தோல்வி உறுதி என்று தெரிந்த பிறகு அந்த 3 புள்ளியால் என்ன பயன்?

அந்த அணித் தலைவன் கணக்கறிந்து ஆடியிருக்கிறான். ஒரு ட்ரைக்கு 5 புள்ளி, அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கிடையே உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2 புள்ளி. ஆகவே ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய அதிகபட்சம் 7. பத்துப் புள்ளி இடைவெளியைக் கடைசி நிமிடத்தில் நிரப்ப முடியாது. ஆனால் பெரும்பாலான லீக் போட்டிகளில் புள்ளிப் பட்டியலுக்காக வெற்றிக்கு 4 புள்ளியும் சமநிலைக்கு 2 புள்ளியும் தருவதோடு, நான்கு ட்ரை வைக்கும் அணிக்கு ஒரு போனஸ் புள்ளியும், 7 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்கும் அணிக்கு ஒரு போனஸ் புள்ளியும் தருகிறார்கள். பத்தை ஏழாகக் குறைத்ததால் அவர்களுக்குப் பட்டியலில் ஒரு புள்ளி கிடைத்தது.

பருவத்தின் தொடக்கத்தில் யாரும் பொருட்படுத்தாத இந்த ஒற்றைப் புள்ளி, கடைசிச் சுற்றில் கோப்பையையே தீர்மானிக்கும். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். முதலிடத்தில் 31 புள்ளியும் இரண்டாமிடத்தில் 28 புள்ளியும் உள்ள இரு அணிகள் கடைசி ஆட்டத்தில் மோதுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமிட அணி போனஸ் இல்லாமல் வென்றால் 32 புள்ளி பெறும். முதலிட அணி நான்கு ட்ரை வைக்காமல், எட்டோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் தோற்றால் 31இலேயே நின்று கோப்பையை இழக்கும். ஏழுக்குள் தோற்றால் 32 பெற்றுச் சமநிலையில் நிற்கும். ஏழுக்குள் தோற்று, நான்கு ட்ரையும் வைத்திருந்தால், 33 புள்ளியோடு அன்றைய ஆட்டத்தில் தோற்ற அணியே சாம்பியனாகும். போனஸ் விதி எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். பிரான்சின் முதல்நிலை லீக்கில் எதிரணியைவிட மூன்று ட்ரை கூடுதலாக வைத்தால்தான் வென்ற அணிக்குப் போனஸ். தோற்ற அணி 5 புள்ளி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும்.

இலங்கையில் கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதும் பிராட்பி கேடயம் இரண்டு ஆட்டங்களின் கூட்டுப் புள்ளியால் முடிவாகிறது. முதல் ஆட்டத்தில் பெரிய வித்தியாசத்தில் வென்ற அணி இரண்டாவதில் தோற்றும் கேடயத்தைப் பெறலாம். ஆகவே அங்கும் தோற்கும் அணி எடுக்கும் ஒவ்வொரு பெனால்டிக்கும் பொருள் உண்டு.

சூரமங்கலத்திலிருந்து ஒருவர்: இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் முடித்தால் யார் முதலிடம்?

ஒவ்வொரு போட்டிக்கும் தனி விதி உண்டு. இருவரும் மோதிய ஆட்டத்தின் முடிவு, மொத்தப் புள்ளி வித்தியாசம், மொத்த ட்ரைகளின் எண்ணிக்கை ஆகியவையே வழக்கமான அளவுகோல்கள். எது முதலில் வரும் என்பதுதான் மாறும். பருவம் தொடங்கும் முன்பே விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்று ஆட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிந்தி ஆடும் அணி தனக்கு எத்தனை புள்ளி தேவை என்று தெரிந்துகொண்டு களமிறங்குவது முந்தி ஆடியவர்களுக்கு நியாயமாகாது.

வாழப்பாடியிலிருந்து ஒரு மாணவர்: நேரம் முடிந்த பிறகும் ஆட்டம் ஏன் தொடர்கிறது?

ரக்பியில் நேரம் முடிந்தாலும் பந்து ஆட்டத்தில் இருக்கும் வரை ஆட்டம் முடியாது. நேரம் முடிந்தபின் பெனால்டி கிடைத்தால், அந்த அணி பந்தைப் பக்கக் கோட்டுக்கு வெளியே உதைத்து, லைன் அவுட்டையும் (பக்கக் கோட்டிலிருந்து இரு அணி வரிசைகளுக்கு நடுவே பந்தை எறிவது) ஆடலாம். ட்ரை வைத்தால் கன்வர்ஷனுக்கும் நேரம் உண்டு.

ஓமலூரிலிருந்து ஒரு தந்தை: சர்வதேச ஆட்டங்களில் ஸ்க்ரம்மில் (இரு அணி வீரர்களும் தோள் கோத்துக் குனிந்து பந்துக்காகத் தள்ளுவது) எதிரணியைப் பல மீட்டர் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். பள்ளி ஆட்டத்தில் கொஞ்சம் தள்ளியதுமே நடுவர் விசில் ஊதிவிடுகிறார். இது எங்கள் பிள்ளைகளின் பலத்தைக் குறைப்பதாகாதா?

இல்லை. 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உலக ரக்பி அமைப்பு தனி விதிகள் வகுத்திருக்கிறது. ஆட்டம் 80 நிமிடம் அல்ல. அதிகபட்சம் 70 நிமிடம். ஸ்க்ரம்மில் எந்த அணியும் 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது. வேண்டுமென்றே ஸ்க்ரம்மைச் சுழற்றக் கூடாது. பந்தைக் கைப்பற்றிய அணி அதைக் கால்களுக்கிடையே நிறுத்தி வைத்துக்கொண்டு தள்ளவும் கூடாது. வளரும் கழுத்தின் மேலும் முதுகெலும்பின் மேலும் விழும் பாரத்தைக் கட்டுப்படுத்தவே இவ்வளவும்.

கடைசிச் சுற்றுகளில் நான் முதலில் பார்ப்பது ஸ்க்ரம்மின் முன்வரிசையைத்தான். முன்வரிசையில் நிற்கும் மூவரும் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். 23 பேர் கொண்ட அணியில் அப்படிப்பட்டவர்கள் ஆறு பேர் வேண்டும் என்கிறது விதி. பருவம் முடியும் நேரத்தில் ஒருவனுக்குத் தோளில் வலி, இன்னொருவனுக்குக் கழுத்துப் பிடிப்பு என்று ஆறு நான்காகச் சுருங்கியிருக்கும். அப்போது உயரமும் எடையும் உள்ள வேறொரு பையனை அங்கே நிறுத்திச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் பயிற்சியாளருக்கு வரும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நடுவரிடம் உண்மையைச் சொன்னால், இரு தரப்பும் தள்ளாமல் ஆடும் போட்டியற்ற ஸ்க்ரம்முக்கு விதியிலேயே இடமுண்டு. அதனால் உங்கள் அணிக்குச் சாதகம் குறையலாம். பயிற்சி இல்லாத ஒரு பையனின் கழுத்து காப்பாற்றப்படும். பட்டியலில் மேலே நிற்கும் அணியைப் பாருங்கள்: அநேகமாக அது 15 சிறந்த வீரர்களைக் கொண்ட அணியாக இராது, மாற்று இருக்கையில் தேர்ந்த பையன்களை உட்கார வைத்திருக்கும் அணியாகவே இருக்கும்.

ஏற்காட்டிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியர்: சேலத்திலிருந்து ஓர் அணி எங்கள் மைதானத்துக்கு வரவிருக்கிறது. உயரமும் மூடுபனியும் அவர்களைப் பாதிக்குமா?

உயரத்தின் பாதிப்பு சிறிய அளவில் உண்டு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. அன்றே மலையேறி வந்த பையன்களுக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குவது சற்று அதிகமாகும். காற்றின் அடர்த்தி குறைவதால் உயர உதைத்த பந்து அவர்கள் எதிர்பார்ப்பதைவிடக் கொஞ்சம் தள்ளி விழும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை 20 கொண்டை ஊசி வளைவுகள்தான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறிய பையன் வாடிய முகத்தோடுதான் இறங்குவான். முந்தைய மாலையே வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாவது வந்து சேரட்டும். குளிராக இருப்பதால் தாகம் தெரியாது. ஆனாலும் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும்.

மூடுபனி பற்றி: மைதானத்தின் நடுவில் நின்று பார்த்தால் இரு பக்கக் கம்பங்களும் தெரிய வேண்டும் என்பதே நான் கடைப்பிடித்த அளவு. தெரியவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். இடி கேட்டால் உடனே மைதானத்தைக் காலி செய்து, கடைசி இடியிலிருந்து அரை மணி நேரம் காத்திருங்கள்.

அதே ஆசிரியர்: தலையில் அடிபட்டால் மலைமேல் எங்களால் என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்க விரும்புகிறேன், ஏனெனில் பருவத்தின் முடிவில் களைப்பு கூடக்கூட டேக்கிளின் (பந்தோடு ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவதன்) தரம் குறைகிறது. தெம்புள்ள பையன் இடுப்பை வளைத்துத் தாழ்ந்து போய்ப் பிடிப்பான். தலை எதிராளியின் உடலுக்குப் பக்கவாட்டில் இருக்கும். களைத்த பையன் நிமிர்ந்தே நிற்பான்; தலை எதிராளியின் தலைக்கோ தோளுக்கோ நேராகப் போய்விடும். ஆட்டத்தின் கடைசிக் கால் மணி நேரத்தில் இதைக் கவனித்து, நிமிர்ந்து டேக்கிள் செய்பவனை உடனே மாற்றுங்கள்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே அந்தப் பையன் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும். அன்று மீண்டும் ஆடக் கூடாது. நினைவு தப்பியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. தடுமாறி எழுவது, வெறித்துப் பார்ப்பது, ஸ்கோர் மறந்துபோவது, ஒளி கண்ணைக் கூசுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே போதும். கழுத்தில் வலி, கை கால் மரத்துப்போதல், இரட்டைப் பார்வை, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, மயக்கம் ஆகியவை அவசர அறிகுறிகள். கழுத்தில் வலி இருந்தால் பயிற்சி பெற்றவர் வரும் வரை அவனை அசைக்காதீர்கள்.

உங்கள் ஊருக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். அடிபட்ட பையனைச் சேலத்துக்கு இறக்கும்போது அவன் வாந்தி எடுத்தால், கொண்டை ஊசி வளைவுதான் காரணம் என்று உடன் போகிறவர்கள் நினைத்துவிடுவார்கள். தலையில் அடிபட்டவன் எடுக்கும் வாந்தியை வழிப் பயணத்தின் மேல் போடவே கூடாது. நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவனைத் தனியே பின் இருக்கையில் தூங்க விடவும் கூடாது. பேச்சுக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன்பே ஓட்டுநரோடு ஒரு வண்டி மைதானத்தில் நிற்கட்டும். எந்த மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எந்நேரமும் எடுக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருங்கள். இந்த ஏற்பாடு இல்லாத நாளில் டேக்கிள் உள்ள ஆட்டத்தை நடத்தாதீர்கள். தொட்டு ஆடும் ரக்பியை நடத்துங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒருவர்: கண்டியில் பள்ளி ரக்பி இவ்வளவு வேரூன்றியது எப்படி? நம் பக்கத்தில் ஏன் அப்படி ஒரு லீக் இல்லை?

கண்டி கிங்ஸ்வுட் கல்லூரியை 1891இல் தொடங்கிய எல். ஈ. பிளேஸ் அங்கே மாணவர்களுக்கு ரக்பியை அறிமுகப்படுத்தினார். 1906இல் கிங்ஸ்வுட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதியதே இலங்கைப் பள்ளிகளுக்கிடையே நடந்த முதல் ஆட்டம். நூறாண்டுக்கு மேலாக அண்ணனும் தம்பியும் மகனும் பேரனும் அதே சட்டையை அணிந்து ஆடுவதால் வந்த பற்று அது. இந்தியாவுக்கும் பழமை இல்லாமல் இல்லை: கல்கத்தா ரக்பி மன்றம் கலைந்தபோது அதன் கையிருப்பு வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்ததே இன்றும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் கல்கத்தா கோப்பை. ஆனால் இங்கே பள்ளிகளில் வேர் பிடிக்கவில்லை. இப்போது பரவுவது பெரும்பாலும் எழுவர் ஆட்டம்தான்.

நம் வட்டாரத்துக்கு லீக்கை விடத் தென்னாப்பிரிக்காவின் கிரேவன் வாரம் நல்ல முன்மாதிரி என்று கருதுகிறேன். 1964இல் தொடங்கிய அந்தப் பள்ளி மாணவர் விழாவில் ஒரு வாரம் முழுவதும் மாகாண அணிகள் ஆடுகின்றன. அதிகாரபூர்வமாகச் சாம்பியன் என்று எவரையும் அறிவிப்பதில்லை. சேலம், ஆத்தூர், ஏற்காடு பள்ளிகள் இரண்டு நாள் எழுவர் ஆட்டத்தை அந்த முறையில் நடத்தினால், காயத்தை மறைத்து ஆடும் கட்டாயம் எந்தப் பையனுக்கும் வராது.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு தாய்: வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகனுக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டது. இப்போது தலைவலி இல்லை என்கிறான். இந்தச் சனிக்கிழமை கடைசி ஆட்டம். பள்ளியில் இதுவே அவனுக்குக் கடைசி ஆண்டு. ஆட விடலாமா?

ஆட விடாதீர்கள் அம்மா. பள்ளி, உள்ளூர் மன்றம் போன்ற நிலைகளில், அடிபட்ட நாளிலிருந்து 21 நாட்கள் ஆகும் முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்பது உலக ரக்பி அமைப்பின் வழிகாட்டுதல். தலைவலி நின்றது நல்ல செய்திதான். ஆனாலும் அது குணமானதற்கான சான்று ஆகாது. முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் ஒப்புதல் தந்த பிறகே டேக்கிள் பயிற்சி என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். இடையில் எந்தப் படியில் தலைவலியோ தலைச்சுற்றலோ திரும்பினாலும் ஒரு படி பின்வாங்க வேண்டும். ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் இளம் வயதினருக்கு உயிராபத்தே நேரலாம்.

அவனுடைய வருத்தம் பெரியது என்பதை நான் அறிவேன். பயிற்சியாளரிடம் நீங்களே பேசுங்கள். ஆட்டத்தன்று அணியின் உடையோடு அவன் மைதானத்தில் இருக்கட்டும்; எதிரணி லைன் அவுட்டில் பந்தை யாருக்கு எறிகிறது என்று குறித்து இடைவேளையில் அணித் தலைவனிடம் சொல்லும் பொறுப்பை அவனுக்குத் தரச் சொல்லுங்கள். அணி படம் எடுக்கும்போது அவனும் நிற்க வேண்டும். சனிக்கிழமைக்கு முன் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடிபட்ட தேதியையும், பிறகு தலைவலி இருந்த நாட்களையும், வகுப்பில் கவனம் சிதறியதா என்பதையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.