ஒப்படைத்த நோயாளி என்ன ஆனார்?

வணக்கம் ஐயா,

தென் மாவட்டம் ஒன்றில் ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக (அவசரகால மருத்துவ உதவியாளராக) வேலை பார்க்கிறேன். நோயாளியை அவசரப் பிரிவில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவதற்குள் அடுத்த கேஸ் வந்துவிடுகிறது. அவர் பிழைத்தாரா, நாங்கள் நினைத்த நோய்தானா, எதுவும் தெரிவதில்லை. மனசு கேட்காமல் சில சமயம் வீட்டாருக்கே போன் செய்து விசாரிக்கிறோம். இதற்கு ஒழுங்கான வழி ஏதும் உண்டா?

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்தப் போனை நிறுத்திவிடுங்கள். எடுப்பவர் காரியத்துக்கு உட்கார்ந்திருக்கும் மகனாக இருக்கலாம். அந்த எண்ணை அவர்கள் கொடுத்தது வண்டி வருவதற்காக மட்டும்தான்.

“பிழைத்தாரா” என்பதற்குக் கிடைக்கும் பதில் உங்கள் வேலையைப் பற்றி அதிகம் சொல்லாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் மூளை ரத்தக்கசிவில் ஒருவர் இறந்துபோவார். சர்க்கரை அளவுகூடப் பார்க்காமல் கொண்டுவரப்பட்டவர் பிழைத்துக்கொள்வார். நீங்கள் வண்டியில் பி.சி.ஆர். தாளில் (நோயாளியின் நிலையையும் செய்த சிகிச்சையையும் குறிக்கும் பதிவில்) எழுதியதையும், மருத்துவமனை முதல் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் கற்றுக்கொடுக்கும்.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் கோணல், ஒரு கை விழுந்திருக்கிறது, பேச்சு குழறுகிறது. சி.டி. ஸ்கேனில் அது அடைப்பா, கசிவா, பக்கவாதமே இல்லையா என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். சர்க்கரை இறங்கினாலும் இதே அறிகுறிகள் வரும். அதனால் குளுக்கோமீட்டர் அளவு தாளில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்களா, போடாவிட்டால் ஏன் என்பது. அந்த ஊசிக்கான நாலரை மணி நேரம், நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரத்தை எழுதக் கூடாது. அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாக ஒருவர் பார்த்த நேரத்தை எழுத வேண்டும். “நேரம் தெரியாததால் ஊசி போடவில்லை” என்று ஒரே ஒரு தடவை பதில் வந்தால் போதும், அடுத்த வீட்டில் அதைப் பார்த்த ஆளையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவீர்கள்.

வண்டியில் நடக்கும் பிரசவமும் அப்படித்தான். “தாயும் சேயும் நலம்” என்பது கேட்க இதமாக இருக்கும், ஆனால் அதிலிருந்து எதையும் திருத்த முடியாது. வார்டில் இறங்கியதும் குழந்தையின் உடல் வெப்பம் எவ்வளவு என்று கேளுங்கள். 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் குழந்தை குளிர்ந்துவிட்டது. இது அடிக்கடி நடந்தால் காரணம் பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே இருக்கும்: ஏ.சி. ஓடியது, துடைத்த ஈரத்துணியிலேயே சுற்றியது, தலையை மூடாதது, தாயின் மார்போடு தோல் படும்படி போடாதது.

இனி வழிமுறை. பெரும்பாலும் இது தடைபடுவது மனிதர்களின் அலட்சியத்தால் அல்ல, எண்களால். உங்கள் கேஸ் ஐ.டி. ஒன்று, மருத்துவமனையின் ஐ.பி. (உள்நோயாளி) எண் வேறு. நீங்கள் கிளம்பும்போது ஐ.பி. எண் பிறந்தே இருக்காது. தாலுகா மருத்துவமனையிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால் அங்கே இன்னொரு எண். விபத்தில் அடிபட்டவர் “பெயர் தெரியாத ஆண், சுமார் 40” என்று பதிவாகியிருப்பார். அதனால் இணைப்பு இரண்டு பக்கமும் வேண்டும். பி.சி.ஆர். நகல் கேஸ் ஷீட்டோடு சேர வேண்டும். அவசரப் பிரிவின் பதிவேட்டில் ஆம்புலன்ஸ் கேஸ் ஐ.டி.க்கு ஒரு கட்டம் வேண்டும். விபத்து என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டு) எண்ணையும், கர்ப்பிணி என்றால் பிக்மி (அரசின் கர்ப்பிணிப் பதிவு) எண்ணையும் உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இவை இருந்தால் பிறகு தேடுவது எளிது.

மருத்துவமனையிடம் கேட்கும் படிவம் அரைப்பக்கத்தைத் தாண்டக் கூடாது. அவசரப் பிரிவில் முடிவான நோய், வந்தவுடன் பி.பி., ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, வெப்பம், அவசரத்தின் அளவைக் காட்டக் கொடுத்த வண்ணம் (மிக அவசரம் சிவப்பு, அடுத்து மஞ்சள், பிறகு பச்சை), முதல் முக்கிய சிகிச்சை, டிஸ்சார்ஜ் நிலை. நீளமான படிவத்தை இரவுப்பணிச் செவிலியர் நிரப்ப மாட்டார். அதில் நியாயமும் உண்டு. இதயத்துடிப்பு நின்றவர்களுக்கு மட்டும் இன்னும் இரண்டு கேள்விகள்: துடிப்பு திரும்பியதா, வீடு திரும்பும்போது தன் வேலையைத் தானே செய்யும் நிலையில் இருந்தாரா. 1990ல் நார்வேயின் உட்ஸ்டைன் மடத்தில் கூடியவர்கள் வகுத்த முறையைத்தான் இன்றும் உலகம் இதற்குப் பின்பற்றுகிறது. அமெரிக்காவில் 2004ல் தொடங்கிய, இதயத்துடிப்பு நின்றவர்களுக்கான கேர்ஸ் பதிவேடும் ஆம்புலன்ஸ் தாளையும் மருத்துவமனை முடிவையும் ஒன்றாக இணைக்கிறது.

எந்தக் கேஸுக்குக் கேட்பது என்பதை மனசுக்கு விடாதீர்கள். மனசில் நிற்பவை கோரமான விபத்தும் குழந்தைகளும்தான். தவறுகள் ஒளிந்திருப்பது சாதாரணக் கேஸ்களில். பக்கவாதம், மாரடைப்பு, துடிப்பு நின்றவை, வழிப் பிரசவம் எல்லாவற்றுக்கும் கேளுங்கள். மற்றவற்றில் இருபதுக்கு ஒன்று. நீங்கள் வரும் முன் போனில் சொன்ன வண்ணத்தையும் அவர்கள் கொடுத்த வண்ணத்தையும் ஒப்பிடுங்கள். சிவப்பு என்று சொன்னது மஞ்சளானால் பரவாயில்லை. பச்சை என்று சொன்னது சிவப்பானால் உட்கார்ந்து பேச வேண்டும்.

மாதக் கூட்டத்தில் முடிவை மூடி வைத்துவிட்டு பி.சி.ஆரை மட்டும் படியுங்கள். “இந்த அளவுகளை வைத்து நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?” என்று எல்லோரையும் கேட்டபிறகு முடிவைத் திறக்கலாம். இறந்துவிட்டார் என்று முதலிலேயே தெரிந்தால் செய்ததெல்லாம் தப்பாகத் தெரியும். இந்தக் கூட்டத்துத் தாள் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புக்குப் போகாது என்று மாவட்ட மேலாளர் எழுத்தில் தர வேண்டும். போனால், அடுத்த மாதத்திலிருந்து பி.சி.ஆரில் எல்லா பி.பி.யும் 120/80 ஆகிவிடும்.

தாளில் பெயர் வேண்டாம், கேஸ் ஐ.டி. போதும். கேஸ் ஷீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. மரணச் செய்தியை ஷிப்ட் நடுவில் சொல்லக் கூடாது; ஷிப்ட் முடிந்தபின், தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்று கேட்டுவிட்டு, நேரில் சொல்ல வேண்டும். பைலட்டையும் (வண்டி ஓட்டுநரையும்) கூப்பிடுங்கள். சி.பி.ஆரில் (நெஞ்சை அழுத்தித் துடிப்பை மீட்கும் முயற்சியில்) அவருடைய கையும் இருந்திருக்கும், ஆனால் பி.சி.ஆரை அவர் எழுதுவதில்லை என்பதால் விட்டுப்போகிறார். தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416 எந்த நேரமும் எடுக்கும், தமிழிலேயே பேசலாம்.

ஒரே ஒரு மருத்துவமனை, ஒரே ஒரு நோய் என்று தொடங்குங்கள். பக்கவாதத்தில் தொடங்குவது நல்லது: சி.டி. முடிவு அன்றே தெரிந்துவிடும், டிஸ்சார்ஜுக்குக் காத்திருக்க வேண்டாம்.