ஹோல் வாட்ச் நகரலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஷட்டவுனில் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்போது) டேங்க் கழுவுகையில் என்னை ஹோல் வாட்ச்சாக, அதாவது உள்ளே இறங்கியவர்களை வாசலில் நின்று கண்காணிப்பவராக, நிறுத்துகிறார்கள். ‘சும்மாதானே நிக்கிற, ஸ்டோருக்குப் போய் கேஸ்கெட் எடுத்துட்டு வா’ என்கிறார் சூப்பர்வைசர். போகலாமா?
- மணலி வாசகர்

பதில்: போகாதீர்கள். பெர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டில்) பெயர் ஏறிய மாற்று ஆள் வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட வேண்டும். அதன் பிறகுதான் மேன்ஹோலை (டேங்கின் ஆள் நுழையும் வாயை) விட்டு நீங்கள் நகரலாம். யார், எத்தனை மணிக்கு இறங்கினார், எப்போது ஏறினார் என்ற பதிவேடும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

இறங்குவதற்கு முன் மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் கேஸ் டெஸ்ட் நடந்ததா என்று பாருங்கள். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தீப்பற்றும் வாயு, அதன் கீழ் வெடிப்பு வரம்பில் (காற்றில் பற்றிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதத்தைத் தொடக் கூடாது. காலையில் எடுத்த அளவை நம்பி மாலை வரை ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. அடியில் படிந்த சகதியைக் கிளறினால் அதில் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு வெளியேறும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவை நெருங்கினால் மூக்கு மரத்துவிடும். ‘நாத்தம் போயிடுச்சு’ என்று உள்ளிருந்து குரல் வந்தால் உடனே வெளியே கூப்பிடுங்கள். பேச்சு குழறினாலும், கேட்டதற்குப் பதில் வராவிட்டாலும் அப்படியே. மீட்டர் அலறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளே காற்று செலுத்தும் புளோயர் காற்றை இழுக்கும் வாய் ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் அடிக்கடி பாருங்கள்.

ஆள் விழுந்துவிட்டால் நீங்கள் குதிக்கவே கூடாது. இப்படிப்பட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நையோஷ் (NIOSH) 1986-இலேயே எச்சரித்தது. முதலில் வாக்கிடாக்கியில் மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். பிறகு வெளியே நின்றபடியே டிரைபாட் வின்ச்சை (முக்காலியில் பொருத்திய, ஆளைத் தூக்கும் கயிற்று உருளையை) சுற்றுங்கள். உள்ளே இறங்கியவர் உடலில் அணிந்த ஹார்னஸில் (பாதுகாப்புப் பட்டையில்) கயிறு முன்பே மாட்டியிருந்தால்தான் இது நடக்கும். மேன்ஹோல் பக்கவாட்டில் இருந்தால் டிரைபாட் உதவாது. அங்கே மூச்சுக் கருவியோடு மீட்புக் குழு வாசலிலேயே தயாராக இருக்க வேண்டும். அந்தக் குழு வராமல் யாரையும் இறங்க விடாதீர்கள்.

கேள்வி: வெல்டிங் முடிந்ததும் ஃபயர் வாட்ச் (தீப்பற்றுகிறதா என்று கண்காணிப்பவர்) கிளம்பிவிடலாமா?

பதில்: கூடாது. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்புத் துறையான ஓஷாவின் (OSHA) விதிப்படி குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 51பி (NFPA 51B) தரநிலை 2019-இல் இதை ஒரு மணி நேரமாக்கியது. ஒரு மணி நேரத்தையே பின்பற்றுங்கள். இன்சுலேஷனுக்குள்ளும் கேபிள் டிரேயிலும் விழுந்த பொறி கனன்றுகொண்டே இருந்து பிறகு பற்றும். சுவரின் மறுபக்கத்தையும் தளத்தின் அடிப்பக்கத்தையும் போய்ப் பார்த்த பிறகே பெர்மிட்டில் கையெழுத்துப் போடுங்கள்.