மிஸ்ஜட்ஜ் என்றால் பிழையாக மட்டுக்கட்டுவது

'மிஸ்ஜட்ஜ்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள், அதை எங்கே பாவிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 'ஜட்ஜ்' என்றதுமே அவர்களுக்கு நீதிமன்றம்தான் ஞாபகத்துக்கு வரும். 'தவறாகத் தீர்ப்பு வழங்கினார்' என்று எழுதிவிடுவார்கள். நீதவான் பிழையான தீர்ப்புச் சொன்னால் ஆங்கிலத்தில் அதற்கு வேறு பேச்சு இருக்கிறது, இந்தச் சொல் அங்கே பொருந்தாது.

நம்மிடமே இதற்கு நல்ல சொல் இருக்கிறது: மட்டுக்கட்டுவது. ஆள் எப்படிப்பட்டவர், தூரம் எவ்வளவு, நேரம் காணுமா என்று பார்த்த மாத்திரத்தில் ஒரு கணக்குப் போடுகிறோம் அல்லவா? அந்தக் கணக்குப் பிழைத்தால் அதுதான் மிஸ்ஜட்ஜ்.

கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மான்கள் நிற்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் 'மான்தானே, சாதுவான பிராணி' என்று கிட்டப் போவார்கள். அர்ச்சனைப் பையில் வாழைப்பழம் இருப்பது மானுக்குத் தெரிந்துவிடும். முகத்தைப் பைக்குள் விட்டு ஒரு இழுவை, வெற்றிலை ஒரு பக்கம், தேங்காய் ஒரு பக்கம். அந்த அம்மா மானை மிஸ்ஜட்ஜ் பண்ணிவிட்டார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

தூரத்துக்கும் அப்படித்தான். நிலாவெளிக் கடற்கரையில் நின்று பார்த்தால் புறாமலை என்ற தீவு 'இந்தா கிடக்குது' என்பதுபோல் தெரியும். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் கடல். நீந்திப் போய்விடலாம் என்று நினைக்கிறவர் 'மிஸ்ஜட்ஜ்ட் த டிஸ்டன்ஸ்'. ஆழம், வேகம், நேரம், கூட்டத்தின் மனநிலை எல்லாவற்றோடும் இந்தச் சொல் இப்படியே சேரும்.

காலத்தைப் பிழையாக மட்டுக்கட்டியதற்கு எங்கள் துறைமுகத்தோடு சம்பந்தப்பட்ட பெரிய உதாரணமே இருக்கிறது. 1942இல் ஜப்பான் கடற்படை ஏப்ரல் 1 அளவில் இலங்கையைத் தாக்கும் என்று பிரித்தானியருக்கு உளவுத் தகவல் கிடைத்தது. அட்மிரல் சோமர்வில் தன் கப்பல்களைத் திரட்டிக்கொண்டு இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. தண்ணீரும் எண்ணெயும் குறைந்துவர, இனி வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு மாலைதீவின் அட்டு அட்டோலுக்குப் போனார். கோர்ன்வால், டோர்செற்ஷயர் என்ற இரண்டு போர்க்கப்பல்களையும் கொழும்புக்கும், ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் திருகோணமலைக்கும் அனுப்பினார். ஜப்பானியர் ஏப்ரல் 5 கொழும்பைத் தாக்கினார்கள், அந்த இரண்டு கப்பல்களும் அன்றே கடலில் மூழ்கின. 9ஆம் திகதி இங்கே திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத்தளத்திலும் குண்டு விழுந்தது. முதல் நாள் இரவே துறைமுகத்தைவிட்டு வெளியேறிய ஹேர்மிஸையும் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். தகவல் முழுப் பிழையில்லை, சில நாள்தான் வித்தியாசம். 'சோமர்வில் மிஸ்ஜட்ஜ்ட் த டைமிங்' என்று எழுதினால் சரியாக இருக்கும். 'மிஸ்அண்டர்ஸ்டூட்' என்று எழுதினால் பிழை, ஏனென்றால் சொன்னது விளங்காமல் போகவில்லை.

'அண்டர்எஸ்டிமேட்' என்றால் குறைத்து மட்டுக்கட்டியது, 'ஓவர்எஸ்டிமேட்' என்றால் கூட்டி. மிஸ்ஜட்ஜ் எந்தப் பக்கம் என்று சொல்லாது.

ஆனால் மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு ஒரு சாய்வு உண்டு. 'ஐ மிஸ்ஜட்ஜ்ட் ஹிம்' என்று யாராவது சும்மா சொன்னால், 'ஆள் சரியில்லை என்று நினைத்தேன், பார்த்தால் நல்ல மனுஷன்' என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். அதனால் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் இது அடிக்கடி வரும். ஒருவரை நல்லவர் என்று நம்பி ஏமாந்ததைச் சொல்லவும் பாவிக்கலாம்தான், ஆனால் அப்போது என்ன நம்பினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இனி, நம்மவர்கள் எல்லோரும் விடுகிற பிழை. தமிழில் 'உங்களைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டேன்' என்கிறோம். அந்தப் 'பற்றி'யைக் கையோடு கொண்டுபோய் 'ஐ மிஸ்ஜட்ஜ்ட் அபவுட் யூ' என்று எழுதுகிறார்கள். அபவுட் வராது. வினைக்குப் பின்னால் நேரே ஆள் அல்லது பொருள்: 'ஐ மிஸ்ஜட்ஜ்ட் யூ'. அபவுட் போட்டே ஆகவேண்டும் என்றால் 'ஐ வாஸ் ரோங் அபவுட் யூ' என்று மாற்றிவிடுங்கள், அது நல்ல ஆங்கிலம்.

அப்புறம் பெயர்ச்சொல், 'மிஸ்ஜட்ஜ்மென்ட்'. இதில் ஜிக்குப் பிறகு ஈ எழுத்துப் போட்டும் எழுதுவார்கள், விட்டும் எழுதுவார்கள். அமெரிக்கர் விட்டுவிடுவார்கள், பிரித்தானிய வழக்கில் பெரும்பாலும் இருக்கும். நம் பிள்ளைகள் ஈ போட்டே எழுதலாம். ஒரே கட்டுரையில் இரண்டு விதமாகவும் எழுதாமல் இருந்தால் சரி.