ஜெர்மனியில் ஆட்குறைப்பு: மகனை அனுப்பலாமா?

வணக்கம் சார். மகனை ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பலாமா என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். "ஃபோக்ஸ்வாகனில் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லையாமே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயமே அங்கேதான் சார்.

2024 டிசம்பரில் அந்தக் கார் நிறுவனமும் தொழிற்சங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, 2030-க்குள் ஜெர்மனியில் 35,000-க்கும் மேற்பட்ட வேலைகள் குறையும். கட்டாயப் பணிநீக்கம் கிடையாது. அப்படியானால் எப்படிக் குறையும்? மூத்தவர்கள் முன்கூட்டியே ஓய்வு பெறுவார்கள், சிலர் பணம் வாங்கிக்கொண்டு விலகுவார்கள், காலியான இடங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். தொழில் பழகுநர் இடங்களைக்கூட ஆண்டுக்கு 1,400-லிருந்து 600 ஆக்குகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் தப்பித்தார்கள். அதற்கான விலையைக் கொடுப்பது இனிமேல் வேலை தேடி வரும் உங்கள் மகன் மாதிரிப் பிள்ளைகள்தான்.

மின்சாரக் கார் பக்கம் போனால் பிழைத்துக்கொள்வான் என்கிறீர்கள். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் இருந்த, ஃபோக்ஸ்வாகன் குழுமத்தைச் சேர்ந்த ஆடி (Audi) தொழிற்சாலை மின்சாரக் கார்தான் செய்தது. விலை அதிகம், விற்பனை சரிந்தது. 2025 பிப்ரவரி கடைசியில் மூடிவிட்டார்கள். ஏறக்குறைய 3,000 பேருக்கு வேலை போனது. எஃகு ஆலைகளிலும் எரிசக்திச் செலவும் சீனாவின் மலிவு எஃகும் சேர்ந்து இதே நிலைமைதான்.

அதற்காகப் போகவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அங்கே பட்டம் வாங்கியவருக்கு வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி உண்டு. அந்த 18 மாதத்தில் நம் பிள்ளைகளில் பலர் திணறுவது மொழியில்தான். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் ஆலைக்குள் பேச்சு ஜெர்மனில். ஆள் எடுப்பது குறைந்த காலத்தில் மொழி தெரியாதவன் வரிசையில் கடைசி. ஆகவே ஜெர்மன் மொழித் தேர்வுகளில் பி1, அதற்கு அடுத்த நிலையான பி2 வரை இங்கேயே முடிக்கட்டும். பாடத்தில் எஞ்சின் வடிவமைப்பை விட்டு ஆட்டோமேஷன், பவர் எலக்ட்ரானிக்ஸ் என்று பார்க்கட்டும். அவை ஒரே தொழிலை நம்பி நிற்பவை அல்ல. படிக்கும்போதே ஏதாவது ஒரு நிறுவனத்தில் பகுதிநேர வேலைக்கும் முயல வேண்டும்.

"படிப்பு இலவசம்" என்று ஏஜென்ட் சொன்னதை முழுதாக நம்பாதீர்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-லிருந்து நம் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. விசாவுக்குக் காட்ட வேண்டிய பிளாக்டு அக்கவுண்ட் தொகையையும் (அங்கே வாழும் செலவுக்காக முன்கூட்டியே கணக்கில் போட்டு, மாதாமாதம் எடுக்கும் பணம்) அதே ஆண்டில் 11,904 யூரோவாக உயர்த்தினார்கள்.

ஆவடி வீட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். பி1 தேர்வு முடிவு வரட்டும், அதோடு உங்கள் மகனையே என்னோடு பேசச் சொல்லுங்கள்.