விழித்திருக்கும்போதே தொண்டைக்குள் டியூபா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62, விவசாயி. சில ஆண்டுகளாகக் கழுத்தைத் திருப்பவோ நிமிர்த்தவோ முடியவில்லை. இப்போது கை மரத்துப்போய் நடையும் தடுமாறுகிறது. தண்டுவடம் நசுங்கியிருக்கிறதாம், கழுத்தின் பின்பக்கமாக அறுவை சிகிச்சை. மயக்குவதற்கு முன்பே, விழித்திருக்கும்போதே டியூப் போடுவார்களாம். ஏன் இந்தச் சித்திரவதை?
- வாசகர், பென்னாகரம்

பதில்: வழக்கமாக மயக்கிய பிறகு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, குரல்வளையைப் பார்த்து, மூச்சு கொடுப்பதற்கான டியூபை மூச்சுக்குழாய்க்குள் போடுவோம். உங்கள் அப்பாவின் கழுத்து சாயாது. வலிந்து சாய்த்தால் தண்டுவடம் மேலும் நசுங்கலாம். மயக்கியபின் டியூப் இறங்காவிட்டால், மூச்சும் நின்றிருக்கும். விழித்திருப்பவரோ தாமே மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார். பதற்றமில்லாமல் வேலை செய்யலாம்.

மூக்கிலும் தொண்டையிலும் மரத்துப்போகும் மருந்தைத் தெளிப்பார்கள். பென்சிலைவிட மெல்லிய கேமராக் குழாய் முன்னே செல்ல, டியூப் அதன்மேல் வழுக்கி இறங்கும். இருமல் வரும், கண் கலங்கும், அவ்வளவுதான். கை கால்களை அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு உடனே மயக்கிவிடுவார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பென்னாகரம் என்றதும் எனக்கு ஆழ்துளைக் கிணறுதான் நினைவுக்கு வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். பல்லில் படியும் பழுப்புக் கறை எல்லோருக்கும் தெரியும். அதே புளோரைடு முதுகெலும்பை இணைக்கும் நார்களையும் எலும்பாக இறுக்கிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே 2013-இல்தான். அதற்கு முன் எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மயக்க மருத்துவருக்கு உண்மையான கவலை, குப்புறத் திருப்பிய பிறகுதான். முகம் கைக்கு எட்டாது. எச்சில் ஊறி பிளாஸ்திரி விட்டு, டியூப் நழுவினால் திரும்பப் போடுவது பெரும்பாடு. அதனால்தான் மடங்காதபடி கம்பிச்சுருள் வைத்த டியூப், இறுக்கமான கட்டு, திருப்பியதும் இரண்டு நுரையீரலுக்கும் காற்று போகிறதா என்று மறுபடி சோதிப்பது எல்லாம். நெடுநேரம் குப்புறக் கிடந்தால் நாக்கும் முகமும் வீங்கும். வீக்கம் வடியும்வரை, சில சமயம் மறுநாள்வரை, டியூபை எடுக்கமாட்டார்கள். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

ஆடும் பல், பொய்ப்பல், குறட்டை, புகையிலை போட்டு வாய் திறப்பது குறைந்திருந்தால் அது, எதையும் மறைக்காதீர்கள். முதல் நாள் இரவுக் களியோடு சாப்பாடு முடியட்டும். வெறும் தண்ணீர் மட்டும் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். காலையில் கூழ் கேட்பார். 'தண்ணீர் மாதிரிதானே' என்பார். கொடுக்காதீர்கள், அது சாப்பாடு.