பழைய சமையலறை அலமாரியைப் புதுப்பிக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் சொந்தக் குடியிருப்பில் சமையலறை அலமாரிகள் போட்டு 18 ஆண்டுகள் ஆகின்றன. நிறம் மங்கி, கீல்கள் தளர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் அகற்றிவிட்டுப் புதிய மாடுலர் கிச்சன் அமைக்க ஒரு நிறுவனம் 3,50,000 ரூபாய் கேட்கிறது. பெட்டிகளை வைத்துக்கொண்டு கதவுகளையும் கீல்களையும் மட்டும் மாற்ற 1,20,000 ரூபாய் போதும் என்கிறார் தச்சர். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் 65,000 ரூபாய் சம்பளம். செலவு போக மாதம் 15,000 மிஞ்சும். நிரந்தர வைப்பில் 3,00,000 ரூபாய் உள்ளது. தனிநபர் கடன் வாங்கலாமா, வைப்புத்தொகையை எடுக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் மாதச் செலவு 50,000 ரூபாய் என்றால், வைப்பில் இருப்பது ஆறு மாதச் செலவுக்கான பணம். ஒரே சம்பளத்தில், அதுவும் தனியார் வேலையில் ஓடும் குடும்பம் அதில் கைவைக்கக் கூடாது. 3,50,000 ரூபாயை 14 சதவிகித வட்டியில் மூன்று ஆண்டுகளுக்குத் தனிநபர் கடனாக வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 11,960 ரூபாய் வரும். வட்டியாக மட்டும் 80,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். வட்டியில்லாத் தவணை என்று ஆசை காட்டினாலும் மயங்க வேண்டாம். அப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சமையலறையின் தோற்றத்தைத் தீர்மானிப்பவை கதவுகளும் கைப்பிடிகளும்தான். உள்ளே இருக்கும் பெட்டி யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆகவே முதலில் பெட்டிகளின் நிலையைப் பாருங்கள். சிங்க் தொட்டிக்குக் கீழே உள்ள அடிப்பலகையில் ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்து அழுத்தும்போது அது உள்ளே இறங்கினாலோ, பலகை உப்பியிருந்தாலோ, கரையான் மண் தென்பட்டாலோ அந்தப் பெட்டியை மாற்றியே ஆக வேண்டும். பெரும்பாலும் தண்ணீர் படும் அந்த ஒரு பகுதிதான் கெட்டிருக்கும். அதற்காக மொத்தத்தையும் பிடுங்கி எறியத் தேவையில்லை. அங்கு மட்டும் தண்ணீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் போடச் சொல்லுங்கள். கதவுகளுக்கு, ஷோரூம் வெளிச்சத்தில் பளபளக்கும் அக்ரிலிக்கைவிட மங்கலான லேமினேட் நல்லது என்பது என் கருத்து. தினமும் தாளிக்கும் வீட்டில் பளபளப்பில் படியும் ஒவ்வொரு கைரேகையும் தெரியும்.

பெட்டிகள் உறுதியாக இருந்தால், மிஞ்சும் 15,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டு, எட்டு மாதம் கழித்து அதில் சேர்ந்த 1,20,000 ரூபாயைக் கொண்டே தச்சர் சொன்ன வேலையைத் தொடங்குங்கள். தளர்ந்த கீல்களை மட்டும் இப்போதே மாற்றிவிடலாம். அதற்குப் பெரிய செலவாகாது.

பெட்டிகள் எல்லாமே உளுத்துப்போயிருந்து, வீட்டுக் கடனும் நடப்பில் இருந்தால், அதே வங்கியில் கூடுதல் கடன் கேளுங்கள். அதன் வட்டி பொதுவாகத் தனிநபர் கடனைவிடக் குறைவு. ஆனால் வீட்டுக் கடனின் மீதிக் காலம் முழுவதற்கும் நீட்டிக்காமல் மூன்று ஆண்டுகளுக்குள் முடித்துவிட வேண்டும். குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் வருமான வரிக் கழிவு உண்டு, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. எனவே வரி மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கடன் தொகையைக் கூட்டிவிடாதீர்கள்.

விலைப்புள்ளியில் 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, பழையதை அகற்றும் கூலி யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிக் கதவு சரியாக மூடும்வரை பத்தில் ஒரு பங்குப் பணத்தையாவது கையில் நிறுத்தி வையுங்கள்.